அய்யலூர் தாண்டுகிற வரைக்கும்

“அண்ணே, ஜிபேயா? அப்ப இப்பவே அனுப்பிருங்க. வடமதுரை தாண்டிட்டா சுத்திக்கிட்டே கெடக்கும்.”

வைகை எக்ஸ்பிரஸ் திண்டுக்கல்லை விட்டு அப்போதுதான் நகர்ந்திருந்தது. முறுக்கு விற்பவர் கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை மாதிரி ஒரு க்யூஆர் அட்டையைத் தொங்கவிட்டிருந்தார். ஸ்கேன் செய்து பின் நம்பரைத் தட்டினேன். பச்சை டிக் வரும்வரை இரண்டு பேரும் என் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். வந்தது. அவர் அடுத்த வரிசைக்குப் போய் அங்கேயும் அதையே சொன்னார்.

அய்யலூர்ப் பக்கம் மலைகளுக்கு நடுவே வண்டி வளைந்து போகும்போது அவர் விற்கவே இல்லை. கதவோரம் கூடையை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். வையம்பட்டி நெருங்கியதும் எழுந்தார். கை கழுவப் போன நான் ஏன் என்று கேட்டேன். “காசா குடுக்குறவங்க எப்ப வேணா வாங்கலாம்ணே. போன்ல குடுக்குறவங்களுக்குத்தான் நேரம் பாத்து விக்கணும்.”

எனக்கு அவர்மேல் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. எந்த இடத்தில் சிக்னல் விழும், எங்கே எழும் என்று கண்டுபிடிக்க ஒரு காலத்தில் எனக்கு மாதச் சம்பளம் கொடுத்தார்கள். இத்தனை தெளிவாக நான் ஒருநாளும் ரிப்போர்ட் எழுதியதில்லை.

2009-ல் இசிஇ முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தவர்களை வாரி எடுத்துக்கொண்ட வேலை ஒன்று உண்டு. டிரைவ் டெஸ்ட். சொந்தக்காரர்களிடம் சொன்னால் கார் கம்பெனியில் சேர்ந்துவிட்டான் என்று நினைத்துக்கொள்வார்கள். வாடகைக்கு ஒரு சுமோ, மடியில் லேப்டாப், அதோடு கேபிளில் கட்டிய இரண்டு போன், வண்டிக் கூரைமேல் காந்தத்தில் ஒட்டிய ஜிபிஎஸ், கார் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்க ஓர் இன்வெர்ட்டர். ஒரு போன் தானாகவே கால் போடும், கொஞ்ச நேரம் பிடித்திருக்கும், வைக்கும், மறுபடி போடும். இன்னொன்று ஒரே காலை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். வண்டி போகப் போக வரைபடத்தில் புள்ளி விழும். சிக்னல் நன்றாக இருந்தால் பச்சை, குறைந்தால் மஞ்சள், செத்தால் சிவப்பு. கால் துண்டான இடத்தில் ஒரு தனிக் குறி. சாயங்காலம் அந்தக் கோப்பை மெயிலில் அனுப்பிவிட்டால் அன்றைய பிழைப்பு முடிந்தது.

டீ குடிக்க நிறுத்தினால் பதிவையும் நிறுத்த வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். மறந்துவிட்டால் டீக்கடை வாசலில் நூற்றுக்கணக்கான பச்சைப் புள்ளிகள் குவிந்து மொத்த ஊரும் பச்சையாகிவிடும். (அப்படிக் குவியவிட்டு வரச் சொன்ன ஒரு மேலாளரும் இருந்தார். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம்.) நின்றுகொண்டு அளப்பது ஏமாற்று என்று அந்த வேலையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் இன்றைக்கும் யாராவது வீட்டு சோபாவில் உட்கார்ந்து எடுத்த ஸ்பீடு டெஸ்ட் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, “பாத்தியா, 300 எம்பி” என்று பெருமைப்பட்டால் என்னால் முழுசாகச் சந்தோஷப்பட முடிவதில்லை. நகராத போனுக்கு நெட்வொர்க் செய்ய வேண்டியது சின்ன வேலை. நகரும் போனைக் கைவிடாமல் இருப்பதுதான் பெரிய வேலை.

கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் வழியாகக் குழந்தையை உள்ளே கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கிற கை பிடித்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் வெளியே நிற்கிறவர் விடுவார். போனில் பேசிக்கொண்டே போகும்போது ஒரு டவர் நம்மை இன்னொரு டவருக்குக் கொடுப்பதும் கிட்டத்தட்ட அதுதான். ஹேண்ட்ஓவர் என்று பெயர். போன் சும்மா இருப்பதில்லை. தன்னைப் பிடித்திருக்கிற டவரையும் சுற்றி இருக்கிற மற்றவற்றையும் அளந்து அளந்து மேலே சொல்லிக்கொண்டே இருக்கும். பக்கத்து டவர் இதைவிடக் கொஞ்சம் பலமாக, கொஞ்ச நேரம் தொடர்ந்து கேட்டால், “சரி, அங்கே போ” என்று உத்தரவு வரும். 3ஜியில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று டவர்கள் குழந்தையைப் பிடித்திருக்கும். 4ஜியில் அந்த வசதி இல்லை. ஒரு கை விட்டு மறு கை பிடிக்கும். இடையில் குழந்தை காற்றில் இருப்பது சில பத்து மில்லிசெகண்டுதான் என்பதால் நமக்குத் தெரிவதில்லை.

தெரிகிற நாளில்தான் கால் கட்டாகிறது. “கொஞ்சம் பலமாக, கொஞ்ச நேரம்” என்பதில் எத்தனை பலம், எத்தனை நேரம் என்பதை நெட்வொர்க்கில் எண்களாக எழுதி வைத்திருப்பார்கள். நேரத்தைக் கூட்டினால், வேகமாகப் போகிறவன் உத்தரவு வருவதற்குள் பழைய டவரைத் தாண்டிப் போய்விடுவான். குறைத்தால், இரண்டு டவருக்கு நடுவே டிராஃபிக் சிக்னலில் நிற்கிற ஆட்டோக்காரரின் போன் இங்குமங்கும் பந்தாடப்படும். பைபாஸில் பறப்பவனுக்கும் பஜாரில் நிற்பவனுக்கும் ஒரே எண்ணை வைத்தால் யாராவது ஒருவருக்கு அநியாயம் நடக்கும்.

இதைவிட அசட்டுத்தனமான காரணங்களைத்தான் நான் அதிகம் பார்த்தேன். ஒரு பைபாஸில் ஒரே இடத்தில் எத்தனை தடவை போனாலும் கால் விழுந்தது. ஒரு டவர் அடியில் நின்றால் அடுத்த டவர் கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டும் பச்சை. இரண்டு நாள் மண்டையை உடைத்த பிறகு பார்த்தால், இதனுடைய பக்கத்து டவர் பட்டியலில் அதன் பெயரையே யாரும் எழுதவில்லை. அந்தக் காலத்து 2ஜியில் பட்டியலில் இல்லாத டவருக்குப் போன் போக முடியாது, எவ்வளவு பலமாகக் கூப்பிட்டாலும். ஒரே தெருவில் இருந்தும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி இரண்டும் நின்றுகொண்டிருந்தன. இன்னொரு ஊரில் டவரின் மூன்று திசை ஆன்டெனாக்களில் இரண்டின் கேபிள்களை மேலே ஏறினவர்கள் மாற்றிச் சொருகியிருந்தார்கள். கிழக்கே போனால் மேற்குத் திசை பேசியது. இப்போது 4ஜியில் பட்டியல் விஷயம் பெரும்பாலும் தானாகவே நடந்துவிடுகிறது. போன் புதிதாக ஒரு டவரைப் பார்த்துச் சொன்னால் அதுவே சேர்த்துக்கொள்ளும். கேபிள் மட்டும் இன்னும் மனிதக் கையில்தான் இருக்கிறது.

ரயிலில் சிக்னல் போனால் எல்லோரும் வேகத்தைத்தான் திட்டுவார்கள். “வண்டி நூத்திப்பத்துல போகுதுல்ல, எப்படிக் கெடைக்கும்?” வேகத்தால் அலையின் அதிர்வெண் மாறும் என்பது உண்மைதான், எதிரே வருகிற எஞ்சினின் ஹாரன் நம்மைத் தாண்டியதும் சுருதி இறங்குகிறதே, அதே கதை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 130 கி.மீ. வேகத்தில், 2300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அந்த மாற்றம் சுமார் 280 ஹெர்ட்ஸ். 4ஜியில் அடுத்தடுத்த துணை அலைகளுக்கு இடையே விட்டிருக்கும் இடைவெளி 15,000 ஹெர்ட்ஸ். யானைக்குப் பக்கத்தில் எறும்பு. 4ஜியை வகுத்தவர்கள் மணிக்கு 350 கி.மீ. வேகம்வரை இணைப்பு நிற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டுதான் வகுத்தார்கள். நம் வைகையின் வேகம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

குற்றவாளி நாம் உட்கார்ந்திருக்கிற பெட்டி. எஃகில் செய்த ஒரு நீண்ட டப்பா. ஏசி பெட்டியென்றால் திறக்க முடியாத கண்ணாடி வேறு. ஆண்ட்ராய்டு போனில் *#*#4636#*#* என்று அடித்தால் பெரும்பாலான மாடல்களில் ஒரு சோதனைப் பக்கம் திறக்கும், அதில் சிக்னல் அளவு எண்ணாகவே தெரியும். பழைய புத்தி போகாமல் ஒருநாள் ஏசி சேர் காரில் அதைப் பார்த்தேன். ஸீட்டில் மைனஸ் 113. எழுந்து போய்க் கதவைத் திறந்து நின்றால் மைனஸ் 96. பதினேழு டெசிபல்தானே என்று தோன்றும். டெசிபல் கணக்கில் பத்து என்றால் பத்து மடங்கு, இருபது என்றால் நூறு மடங்கு. பதினேழு என்றால் ஏறக்குறைய ஐம்பது மடங்கு. வெளியே இருக்கிற சிக்னலில் ஐம்பதில் ஒரு பங்குதான் என் ஸீட் வரைக்கும் வந்தது. கூடுதலாகக் காசு கொடுத்து ஏசியில் போகிறவனைவிட, ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து அன்ரிசர்வ்டில் போகிறவனுக்கு நெட் நன்றாகக் கிடைக்கும். இந்த ஒரு நியாயமாவது உலகத்தில் இருக்கட்டும்.

ஜெர்மனியில் ஐசிஇ 3 நியோ என்கிற ரயிலில் அலைகளை உள்ளே விடுகிற மாதிரிக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். வந்தே பாரத் பெட்டிகள் பெரம்பூர் ஐசிஎஃப்பில்தான் பிறந்தன. அங்கே யாராவது இதை யோசித்தால் நன்றாக இருக்கும்.

பெட்டிக்கு அடுத்தபடி, கூட்டம். காரில் போகிற நான் ஒருவன் டவர் மாறினால் அது ஒரு வேலை. ஆயிரம் பேருக்கு மேல் ஏறிய ரயில், டவர்களின் எல்லைக்கோடு ஒன்றைத் தாண்டினால் அத்தனை போன்களும் ஒரே நிமிடத்தில் “நான் வந்துவிட்டேன், என்னைச் சேர்த்துக்கொள்” என்று புது டவரின் கதவைத் தட்டும். வயல்காட்டுக்கு நடுவே நாலு கிராமத்துக்காக நட்ட டவர் அது. பாக்கெட்டில் தூங்குகிற போன்கூடத் தட்டும். சிக்னல் நாலு கோடு முழுசாக இருந்தும் நெட் வராமல் சுற்றுவது பெரும்பாலும் இந்த மாதிரி நேரத்தில்தான். அந்தக் கோடு டவர் எவ்வளவு உரக்கப் பேசுகிறது என்பதை மட்டும் காட்டும். எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று காட்டாது.

மலை தனி ரகம். மறைக்கவும் செய்யும், தேவையில்லாத தூரத்துக்குக் கொண்டுபோகவும் செய்யும். உயரத்தில் நட்ட டவர் எங்கோ இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு ஊரில் பளிச்சென்று கேட்கும். போன் ஆசைப்பட்டு அதைப் பிடித்துக்கொள்ளும். அதன் குரல் நமக்குக் கேட்கும், நம் குரல் அதற்குக் கேட்காது. தண்ணீரும் அப்படித்தான். தனுஷ்கோடியில் டெஸ்ட் எடுக்கப் போனபோது இதை முழுசாக அனுபவித்தேன். அரிச்சல்முனைக்கு அப்போது ரோடு கிடையாது, 2017-ல்தான் போட்டார்கள். மணலில் புதைந்து புதைந்து போகும் வேன்தான். முனையில் இறங்கி என் சொந்தப் போனைப் பார்த்தால், இலங்கைக்கு வரவேற்கிறது ஒரு மெசேஜ். தலைமன்னார் அங்கிருந்து சுமார் 30 கி.மீ. 2ஜியில் ஒரு டவர் அதிகபட்சம் 35 கி.மீ. தூரம்வரைதான் பிடிக்க முடியும்; அலை போய்த் திரும்பும் நேரத்தை 550 மீட்டர் வீதம் 63 படிகளில்தான் எண்ண முடியும் என்பதால் அந்த எல்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே இருக்கிற கடல் அந்தக் கணக்குக்குள் சரியாக அடங்குகிறது. மரமோ கட்டடமோ குறுக்கே இல்லாத கடல்மேல் அலை ஜம்மென்று வந்து சேர்ந்துவிட்டது. எங்கள் டிரைவர் தன் போனை அணைத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். ரோமிங் பில்லைப் பற்றி ஏதோ கதை கேட்டிருக்கிறார்.

அந்த நாட்களில் நோக்கியா போன்களில் செல் இன்ஃபோ என்று ஒன்று இருந்தது. அதை ஆன் செய்து வைத்தால் எந்த டவரில் இருக்கிறோமோ அந்த இடத்தின் பெயர் திரையில் வரும். அப்பாவுக்கு அதுதான் ரயில்வே டைம்டேபிள். பாண்டியன் எக்ஸ்பிரஸில் ராத்திரி மேல் பெர்த்தில் படுத்திருப்பார், விடிகாலையில் போனை ஒரு அமுக்கு அமுக்கி, “மேல்மருவத்தூர் வந்திருச்சு, எந்திரிங்கடா” என்பார். சில இடங்களில் டவர் வைத்தவர்கள் பக்கத்து ஊர்ப் பெயரை எழுதியிருப்பார்கள், சில இடத்தில் எழுத்துப்பிழை. அப்பா அதற்கும் பழகிவிட்டார். பிறகு வந்த போன்களில் அது காணாமல் போனது. இப்போது வேர் இஸ் மை டிரெய்ன் செயலியில் நெட்டும் ஜிபிஎஸ்ஸும் இல்லாமலே வண்டி எங்கே போகிறது என்று பார்க்க முடிகிறதே, அதுவும் அதே சங்கதிதான். போன் எந்த டவரைப் பிடித்திருக்கிறது என்பதை வைத்து இடத்தைச் சொல்கிறது. அப்பா இருந்திருந்தால், “இதத்தான் நான் அப்பவே பாத்தேன்” என்றிருப்பார்.

கால் துண்டாவதைப் பற்றி அரசாங்கம் ஒன்றும் செய்யாமல் இல்லை. துண்டாகும் ஒவ்வொரு காலுக்கும் ஒரு ரூபாய், நாளொன்றுக்கு மூன்று காலுக்கு மட்டும், கம்பெனி திருப்பித் தர வேண்டும் என்று 2015 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி போட்டது. 2016 ஜனவரியிலிருந்து அமல் என்றார்கள். கம்பெனிகள் வழக்குப் போட, மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. என் ஒரு ரூபாய் அதோடு போயிற்று. அளவுகோல் என்று ஒன்று உண்டு: நூறு கால்களில் இரண்டுக்கு மேல் துண்டாகக் கூடாது. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு காலும் எப்போது பார்த்தாலும் நானும் அம்மாவும் பேசுகிற காலாகவே இருந்தாலும் கணக்கு சரியாக வந்துவிடும். சராசரியில் அய்யலூர் மலை தெரியாது. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளின்படி கம்பெனிகள் கவரேஜ் வரைபடத்தைத் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும். நான் என் பாதையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நிறம் எல்லாம் நன்றாகவே இருந்தது. தண்டவாளத்துக்குப் பக்கத்து வயலில் நின்று பார்த்தால் அந்த நிறம் உண்மையாகக்கூட இருக்கலாம். நான் போவது எஃகு டப்பாவுக்குள்.

5ஜி வந்து (2022 அக்டோபர் முதல் தேதி தொடங்கி வைத்தார்கள்) ரயிலில் எனக்குப் பெரிய மாற்றம் தெரியவில்லை. 3500 மெகாஹெர்ட்ஸ் அலை அதிகத் தூரம் போகாது, எஃகையும் கண்ணாடியையும் துளைக்கவும் தெம்பில்லாதது. ஸ்டேஷனில் நிற்கும்போது பறக்கும், ஸ்டேஷனின் அவுட்டர் சிக்னல் கம்பம் தாண்டியதும் 4ஜிக்கு இறங்கும், அடுத்த ஊரில் மறுபடி ஏறும். இந்த ஏற்ற இறக்கத்திலேயே பேட்டரி போகிறது. நான் வண்டி ஏறியதும் செட்டிங்கில் 4ஜியோடு நிறுத்திவிடுவேன். நீங்களும் செய்து பாருங்கள். இன்னொன்று, இரண்டாவது சிம்மை 2ஜியும் வைத்திருக்கிற நெட்வொர்க்கில் வாங்கிக்கொள்ளுங்கள். 4ஜி விட்ட இடத்தில் கால் விழுந்து தாங்க ஒரு தரை வேண்டும்.

என் எரிச்சல் முழுக்க இப்போது டவர்மேல் இல்லை. மலை மலைதான், அதை நகர்த்த முடியாது. போனில் ஓடுகிற செயலிகளை எழுதுகிறவர்கள் ஒருநாளாவது பகல் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதை ஓட்டிப் பார்த்திருப்பார்களா என்பதுதான் என் சந்தேகம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி ஒரு கடிகாரக் குறியோடு பொறுமையாகக் காத்திருந்து, சிக்னல் வந்ததும் தானாகப் போய்விடுகிறது. அது தெரிந்தவன் எழுதியது. போன மாதம் ஒரு செயலியில் இன்சூரன்ஸ் படிவம் ஒன்றை நிரப்பினேன். ஏழாவது பக்கத்தில் நெட் போனது. வந்ததும், “உங்கள் நேரம் முடிந்துவிட்டது” என்று முதல் பக்கத்துக்குத் தள்ளிவிட்டது. பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர், எல்லாம் மறுபடி. மணப்பாறைக்கும் திருச்சிக்கும் நடுவில் மூன்று தடவை நான் பிறந்தேன்.

அம்மா மதுரையில் தனியாக இருக்கிறார். மாதம் இருமுறை போய் வருகிறேன். வண்டி ஏறி உட்கார்ந்ததும் போன் வரும், அரை மணி நேரம் முன்னால்தான் வாசலில் நின்று வழியனுப்பியிருப்பார் என்றாலும். அன்றைக்கு முறுக்குக்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு போனதும் அழைத்தார். பின்கட்டு நார்த்தை மரம் இந்த வருஷம் காய்த்துத் தள்ளியிருக்கிறது, ஊறுகாய் போட்டது பற்றி ஆரம்பித்தார். எத்தனை காய், யார் யாருக்குக் கொடுத்தது, எதிர்வீட்டு அக்கா சுருள் சுருளாக நறுக்கிக் கொடுத்தது. வடமதுரை தாண்டியிருப்போம். “வெயில்ல வைக்கிறதுக்கு முந்தி அந்த உப்ப…” என்றார். அவ்வளவுதான். போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், ஒரு கோடும் இல்லை.

திரும்ப அடித்துப் பார்ப்பதெல்லாம் எங்களுக்குள் கிடையாது. அவருக்குத் தெரியும்.

மணப்பாறைக்கு அப்பால் வெயில் ஏறியது. திருச்சி நெருங்கியதும் பெட்டியெங்கும் டிங் டிங் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தம், அத்தனை பேருடைய தேங்கிக் கிடந்த செய்திகளும் ஒரே சமயத்தில் வந்து விழுகின்றன. ஜங்ஷனில் வண்டி நின்றது. போன் அடித்தது. எடுத்தேன். ஹலோ இல்லை, கட்டாயிருச்சு என்பதும் இல்லை.

“…கையில அள்ளிப் போடாத, கரண்டில போடுன்னு சொன்னேன். கேக்கல. இப்பப் பாரு, ரெண்டு ஜாடியும் உப்புக் கரிக்குது. உனக்குக் குடுத்துவிட்டது அதுலதான். தண்ணி விடாம, எலுமிச்சம்பழம் ரெண்டு பிழிஞ்சு விடு.”